ஸ்லீப் அப்னியா எந்த வயதில் வரும்? ஒல்லியான இளைஞருக்கும் வருமா?

1. கயல்விழி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31. ஒல்லியான உடல்வாகு, புகை, மது இரண்டும் கிடையாது. சிறு வயதிலிருந்தே வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், குறட்டையும் உண்டு. திருமணத்துக்குப் பிறகு அவன் மனைவிதான் கவனித்துச் சொன்னாள்: குறட்டை திடீரென்று நின்றுவிடுகிறதாம், சில நொடிகள் எந்த ஓசையும் இருப்பதில்லையாம், பிறகு உடம்பே குலுங்கும்படி மூச்சை இழுத்துவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்கிறானாம். காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறான். பிற்பகலில் கணினி முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகிவிடுகிறது.

ஸ்லீப் அப்னியாவாக, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார். அவனோ, "அதெல்லாம் ஐம்பதைத் தாண்டிய, தொப்பை வைத்தவர்களுக்கு வருவது" என்று சொல்லி மறுக்கிறான். வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். இந்த நோய்க்கு உண்மையிலேயே வயது வரம்பு என்று ஏதாவது உண்டா? எந்தெந்த வயதில் யாருக்கு வரும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அவனிடம் காட்டுவேன்.

2. அருள்மொழி (தூக்க ஆய்வகத் தொழில்நுட்பர்)

வணக்கம் கயல்விழி அவர்களே. கீழ் வரம்பும் இல்லை, மேல் வரம்பும் இல்லை. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கும் உண்டு, தொண்ணூறு வயதுப் பெரியவருக்கும் உண்டு. வயதோடு மாறுவது அதன் காரணமும், அது வெளிப்படும் விதமும்தான். அதனால்தான் ஒரு வயதினரிடம் பார்த்த அடையாளங்களை வைத்துக்கொண்டு இன்னொரு வயதினரிடம் தேடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் நடப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியைத் தாங்கி நிறுத்த எலும்போ குருத்தெலும்போ இல்லை. தசைகள்தான் அதைத் திறந்து வைத்திருக்கின்றன. தூக்கத்தில் அந்தத் தசைகள் தளரும்போது, ஏற்கெனவே குறுகலான தொண்டை உடையவர்களுக்கு, மூச்சை உள்ளே இழுக்கும் விசையாலேயே பாதை ஒட்டிக்கொள்கிறது. நனைந்த காகித உறிஞ்சுகுழலை வேகமாக உறிஞ்சினால் நடப்பது போலத்தான். இது அடைப்பு வகை. பெரும்பான்மையோருக்கு இருப்பது இதுதான். இன்னொன்று மைய வகை: பாதை திறந்தே இருக்கும், ஆனால் மூச்சு விடும்படி மூளையிலிருந்து வர வேண்டிய ஆணை சில நொடிகள் வராது.

இரவில் என் முன்னால் உள்ள திரையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அடைப்பு வகையில், மூக்குக் காற்றோட்டத்தைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும். ஆனால் மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் ஓயாமல் அசையும், அதுவும் ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும். காற்று உள்ளே போகாமலேயே உடல் மூச்சுக்குப் போராடுகிறது என்று பொருள். சற்றுப் பின்தங்கி ஆக்சிஜன் கோடு சரியும். பிறகு மூளை அலைகளில் ஒரு சிறு கலக்கம், ஒரு பெருங்குறட்டை, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. மைய வகையிலோ மூன்று கோடுகளும் சேர்ந்து தட்டையாகிவிடும்.

பெரியவர்களுக்குக் காற்றோட்டம் 10 நொடிகளாவது நின்றால்தான் அதை ஒரு தடை என்று எண்ணுவோம். முழுத் தடைகளும், காற்றோட்டம் நிற்காமல் குறைய மட்டும் செய்யும் பகுதித் தடைகளும் சேர்ந்து ஒரு மணி நேரத் தூக்கத்துக்குச் சராசரியாக எத்தனை என்பதே ஏ.எச்.ஐ. எண். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை.

இனி உங்கள் தம்பியின் கேள்வி. நடு வயதில்தான் இது மிகுதி என்பது உண்மையே. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரையிலான பணியாளர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எச்.ஐ. 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் ஆண்களில் 24 விழுக்காடு, பெண்களில் 9 விழுக்காடு. அந்த ஆய்வு தொடங்குவதே 30 வயதிலிருந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 2019-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய மதிப்பீடும் 30 முதல் 69 வரையிலான வயதினரை எடுத்துக்கொண்டு 93 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கும் என்றது. 31 வயது என்பது இந்தக் கணக்குக்குள் அடங்கிய வயதுதான்.

எடையும் ஒரு காரணமே தவிர ஒரே காரணம் அன்று. பின்தள்ளிய சிறிய கீழ்த்தாடை, குறுகி உயர்ந்த மேலண்ணம், பெரிய டான்சில், நாட்பட்ட மூக்கடைப்பு ஆகியவை இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். சிறு வயது முதலே வாயால் மூச்சு விடுகிறார் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது.

மருத்துவமனைகளில் பயன்படும் 'ஸ்டாப்-பேங்' வினாத்தாளில் எட்டுக் கேள்விகள் உண்டு: குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், உடல் பருமன், 50-க்கு மேற்பட்ட வயது, கழுத்துச் சுற்றளவு, ஆண் பாலினம். உங்கள் தம்பிக்கு வயதுக்கும் பருமனுக்கும் புள்ளி கிடைக்காது. ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்தே நான்கு புள்ளிகள் வந்துவிடுகின்றன. பரிசோதனைக்கு அது போதும்.

3. பொன்னுரங்கம்

அருள்மொழி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. எனக்கு வயது 72. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் எனக்குப் பகல் தூக்கம் பெரிய தொல்லையாக இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது ஒரு குறையா? வயதானால் எல்லாத் தசையும் தளரும், தொண்டைத் தசையும் தளரும். இதை ஒரு நோய் என்று சொல்லி இயந்திரத்தை மாட்டிவிடுவது தேவைதானா என்பது என் ஐயம்.

4. நிலா (பச்சிளம் குழந்தைப் பிரிவுச் செவிலியர்)

பெரியவர் ஐயாவின் கேள்விக்கு முதியோர் மருத்துவம் அறிந்தவர்கள் பதில் சொல்வார்கள். நான் வயதின் மறு முனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் மூச்சு நிற்றல் வேறு வகையானது. மூளைத்தண்டில் மூச்சை ஒழுங்குபடுத்தும் பகுதி இன்னும் முதிராததே அதற்கு முதன்மையான காரணம். 28 வாரங்களுக்கு முன்பே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய அனைவருக்கும் இது இருக்கும். மூச்சு 20 நொடிகளுக்கு மேல் நின்றாலோ, அதைவிடக் குறைந்த நேரமே நின்று அதனுடன் இதயத்துடிப்பு தணிந்தாலோ ஆக்சிஜன் குறைந்தாலோ நாங்கள் அதைக் கணக்கில் எடுப்போம். எச்சரிக்கை மணி ஒலித்ததும் உள்ளங்காலை இலேசாகத் தேய்த்தாலே பல குழந்தைகள் மீண்டும் மூச்சு விடத் தொடங்கிவிடும். மருந்து என்று பார்த்தால் காஃபீன்தான். அது மூச்சு மையத்தைத் தூண்டுகிறது. 2006-லும் 2007-லும் வெளிவந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வின் முடிவுகள், அது நுரையீரலுக்கும் வளர்ச்சிக்கும் நன்மை செய்வதைக் காட்டின. கருவுற்ற காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 37 வாரங்களை எட்டும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நின்றுவிடும். மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களுக்கு 43, 44 வாரங்கள் வரையும் நீடிக்கலாம்.

நிறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒரு காட்சியைக் கண்டு பதறுகிறார்கள். குழந்தை வேகமாகச் சில மூச்சுகள் விடும், ஐந்து முதல் பத்து நொடிகள் நிறுத்தும், மறுபடியும் தொடங்கும். நிறம் மாறாமல், உடல் துவளாமல் இருந்தால், முதல் சில மாதங்களில் இது இயல்பானதே. உதடு நீலம் பூத்தாலோ, உடல் துவண்டாலோ, இடைவெளி நீண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பெரியவர்களுக்கு மல்லாந்து படுத்தால் தடை கூடும் என்று படித்துவிட்டுக் கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கூடவே கூடாது. கைக்குழந்தைகளை மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். திடீர் மரணத்தைத் தவிர்ப்பதற்கான அறிவுரை அது.

5. தமிழ்வேந்தன்

இந்த இழை எனக்காகவே தொடங்கப்பட்டது போல் இருக்கிறது. என் மகனுக்கு ஐந்து வயது. இரவெல்லாம் குறட்டை. டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் பெரிதாக இருக்கின்றன, எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஆனால் அவன் பகலில் ஒருபோதும் தூங்கி விழுவதில்லை. ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டேதான் இருக்கிறான். தூக்கம் கெடும் பிள்ளைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வரும்? வளர வளர டான்சில் தானாகவே சுருங்கும் என்றும் படித்தேன். பிறகு எதற்குக் கத்தி?

6. செவ்வேள் (காது மூக்கு தொண்டை மருத்துவர்)

தமிழ்வேந்தன், நீங்கள் சுறுசுறுப்பு என்று எழுதியிருப்பதை நாங்கள் வேறு விதமாகப் பார்க்கிறோம். தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து விழுவார். தூக்கம் கெட்ட சிறுபிள்ளையோ பெரும்பாலும் துருதுருவென்று அலையும், எரிச்சல்படும், ஒன்றில் மனம் ஊன்றாது. கவனக்குறைவுக் கோளாறு என்று ஐயப்பட்டு அழைத்து வரப்படும் குழந்தைகள் சிலருக்கு அடியில் இருப்பது இரவு மூச்சுத் தடை. பகலில் தூங்கவில்லை என்பதை வைத்துக் குழந்தைகளிடம் இதை மறுக்க முடியாது.

இரண்டு முதல் எட்டு வயது வரைதான் குழந்தைப் பருவத்தில் இந்நோய் உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் டான்சிலும் அடினாய்டும் வளரும் வேகத்துக்குத் தொண்டையின் அளவு ஈடுகொடுப்பதில்லை. குழந்தைகளில் 1 முதல் 5 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ்டியான் கியோமினோ எட்டுக் குழந்தைகளிடம் இதைக் கண்டு 1976-இலேயே எழுதிவிட்டார். அப்படியிருந்தும் இதைப் பெரியவர்களின் நோய் என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு முறை மகனின் அருகில் அமர்ந்து பாருங்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, முகவாயை மேலே தூக்கிப் படுத்திருக்கிறானா? மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும், கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழியிலும் தோல் உள்ளே இழுபடுகிறதா? தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறதா? நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் வந்திருக்கிறதா? இவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டினால், வாயால் சொல்வதைவிடப் பயன்படும். அளவுகோலும் வேறு: பெரியவர்களுக்கு 5 வரை பொருட்படுத்தாத ஏ.எச்.ஐ. எண், குழந்தைகளுக்கு 1-ஐ எட்டினாலே இயல்புக்கு மாறானது. 10-ஐத் தாண்டினால் கடுமை.

டான்சில் சுருங்கும் என்று நீங்கள் படித்தது தவறன்று. 2013-இல் வெளிவந்த 'சாட்' ஆய்வில் 5 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள்; மறு பிரிவினரைக் கண்காணிப்பில் வைத்துக் காத்திருந்தார்கள். ஏழு மாதங்களில் அறுவை செய்தவர்களில் 79 விழுக்காட்டினருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்கு இயல்பாகிவிட்டது. கவனத்திறன் தேர்வு மதிப்பெண்ணில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தையிலும் அன்றாட வாழ்க்கைத் தரத்திலும் அறுவை செய்தவர்களுக்கு முன்னேற்றம் கூடுதல். எனவே இலேசான நிலையில் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு சில மாதங்கள் காத்திருப்பது நியாயமே. நடுத்தரமோ கடுமையோ என்றால், ஆக்சிஜன் குறைகிறது என்றால், எடை கூடவில்லை என்றால், நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் கடுமையான தடை உள்ளவர்களையும் அறுவைக்குப் பிறகு அன்றிரவு மருத்துவமனையிலேயே வைத்துக் கண்காணிக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இது மிகவும் பரவலாக இருப்பதால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

பதின்ம வயதில் டான்சிலின் பங்கு குறைந்து உடற்பருமனின் பங்கு கூடுகிறது. சிறு வயதில் அறுவை செய்து சரியானவர்களுக்கும், எடை மிகவும் கூடினால் அப்போது திரும்பி வரலாம்.

7. இளவழகன்

எல்லோரும் எண்களை அடுக்குகிறீர்கள். நானும் ஓர் எண்ணைத் தருகிறேன். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் 40 முதல் 85 வயது வரையிலான பொதுமக்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எச்.ஐ. 15-க்கும் மேல், அதாவது நடுத்தரத்திலிருந்து கடுமை வரை இருந்தவர்கள் ஆண்களில் 49.7 விழுக்காடு, பெண்களில் 23.4 விழுக்காடு. நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு நோய் என்றால், பிழை மக்களிடம் இல்லை, அளவுகோலில்தான் இருக்கிறது. 1993-இல் 15-க்கு மேல் இத்தனை பேர் இல்லையே. கருவி விற்பவர்களுக்கு நல்ல காலம் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

8. அருள்மொழி (தூக்க ஆய்வகத் தொழில்நுட்பர்)

இளவழகன் அவர்களே, உங்கள் எண்கள் சரியானவை, கேள்வியும் நேர்மையானது. வேறுபாட்டுக்கு ஒரு காரணம், 1993-க்குப் பிறகு மூக்கில் வைக்கும் உணரிகள் மிகவும் நுண்மையாகிவிட்டன. பகுதித் தடையை எண்ணும் விதியும் தளர்ந்துவிட்டது. முன்பு ஆக்சிஜன் 4 விழுக்காடு குறைந்தால்தான் எண்ணினார்கள்; இப்போது 3 விழுக்காடு குறைந்தாலோ, மூளை அலையில் விழிப்பு தெரிந்தாலோ எண்ணுகிறார்கள். மக்களின் எடையும் இடைப்பட்ட காலத்தில் கூடியிருக்கிறது. எனவே எண்ணை மட்டும் பார்த்து எவரையும் நோயாளி ஆக்கக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான்.

மூக்கு வழியே காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் பற்றியும் மிகைப்படுத்த வேண்டாம். 2016-இல் வெளிவந்த 'சேவ்' ஆய்வு, ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ இருந்த 45 முதல் 75 வயது வரையிலான 2,700-க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. சிபாப் பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதை அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவை அவர்களுக்கும் மேம்பட்டன.

ஆனால் எண் கூடிவிட்டது என்பதற்காகத் துன்பமே இல்லை என்று ஆகிவிடாது. 2009-இல் வெளிவந்த ஒரு நீண்டகால ஆய்வில், ஏ.எச்.ஐ. 30-க்கு மேல் இருந்த 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களின் இறப்பு வாய்ப்பு, தடை இல்லாதவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. எழுபதைக் கடந்தவர்களிடம் அந்தத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. அதாவது ஒரே எண் நாற்பதில் ஒரு பொருளும், எண்பதில் வேறொரு பொருளும் தருகிறது. என் பட்டறிவில், "இளைஞன்தானே, பொறுத்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுபவர்கள்தான் ஒத்திப்போடக் கூடாதவர்கள்.

9. வெண்மதி

இதுவரை பேசியதில் பெண்கள் ஓர் ஓரமாகவே வந்து போயிருக்கிறார்கள். எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்ற பிறகு தூக்கம் கெட்டது. நடு இரவில் விழிப்பு, காலையில் அசதி, மறதி, காரணமில்லாத சோர்வு. முதலில் தைராய்டு பார்த்தார்கள், பிறகு மனச்சோர்வு என்றார்கள், தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள். நான் குறட்டை விடுகிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை, பெண் ஒருத்தி அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவாள் என்பது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 22 வந்தது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இயக்குநீர்கள் ஓரளவு பாதுகாப்பாக இருக்கின்றன. அதன் பிறகு இந்நோய் வெகுவாகக் கூடுகிறது. அதனால் ஆண்களுக்கு முப்பது, நாற்பதுகளில் தெரிவது பெண்கள் பலருக்கு ஐம்பதுகளில் தெரிகிறது. முழுத் தடையைவிடப் பகுதித் தடைகளும், கனவு காணும் தூக்கத்தில் மட்டும் குவியும் தடைகளும் பெண்களிடம் மிகுதி என்பதால், இரவின் சராசரி எண் குறைவாகக் காட்டிவிடவும் கூடும். இதற்கு ஒரு விதிவிலக்காகப் பேறுகாலத்தையும் சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போது புதிதாகத் தொடங்கும் பலத்த குறட்டை, உயர் இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் தொடர்புடையதாக இருக்கலாம். பரிசோதனைக்குப் போகும்போது அதைச் சொல்லிவிடுவது நல்லது.

10. ஆதிரை (முதியோர் நல மருத்துவர்)

பொன்னுரங்கம் ஐயா, தங்கள் கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது. அறுபது, அறுபத்தைந்துக்குப் பிறகு இதன் பரவல் மேலும் மேலும் ஏறிக்கொண்டே போவதில்லை. ஏறக்குறைய ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. முதியவர்களில் பலருக்கு ஏ.எச்.ஐ. எண் ஓரளவு கூடியிருக்கும், எந்தத் தொல்லையும் இருக்காது. அவர்கள் அனைவருக்கும் இயந்திரம் தேவையில்லை. இதுவரை தங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறேன்.

ஆனால் தாங்களே குறிப்பிட்ட ஒன்றைத் தாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. தொண்டை அடைபட்ட நிலையில் மூச்சுக்குப் போராடும்போது மார்புக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறை விரிவடைகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டதாக அது எண்ணி, சிறுநீரைப் பெருக்கும் இயக்குநீரைச் சுரக்கிறது. இரவில் நான்கைந்து முறை எழுவதற்குப் புராஸ்டேட் சுரப்பியும் சர்க்கரையும் மட்டுமே காரணம் என்று இருந்துவிடக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, வேகமாகக் கூடும் மறதி ஆகியவற்றுக்கும் இதே அறிவுரைதான். முதியவர்களிடம் இந்நோய் "வயதாகிவிட்டது" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது. இரவில் அடிக்கடி எழுபவர் இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதுமையில் மைய வகையும் கூடுகிறது, குறிப்பாக இதயம் பலவீனமானவர்களிடமும் பக்கவாதம் வந்தவர்களிடமும். மூச்சு சிறிது சிறிதாகப் பெருகி, பிறகு அப்படியே தணிந்து, நின்று, மீண்டும் பெருகும். இவர்களுக்கு ஏதோ ஒரு கருவியை வாங்கி மாட்டிவிடக் கூடாது. மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஏ.எஸ்.வி. என்னும் வகைக் கருவியை, இதயத்தின் இறைப்புத் திறன் 45 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர்களிடமும் மைய வகை மிகுந்தவர்களிடமும் சோதித்தபோது, இதய நோயால் இறந்தவர்கள் கருவி அணிந்த பிரிவில்தான் கூடுதலாக இருந்தார்கள். அது 2015-இல் வெளிவந்த முடிவு. வகையைத் தெரிந்துகொள்ளாமல் சிகிச்சை இல்லை.

தாங்கள் தூக்க மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சில வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். பல்செட்டைக் கழற்றிவிட்டுப் படுப்பவர்களுக்குக் கருவியின் மாஸ்க் சரியாகப் பொருந்தாமல் காற்று கசியும். அதற்கேற்ற மாஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

11. கயல்விழி

இவ்வளவு பேர் பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. அருள்மொழி அவர்களின் நான்கு புள்ளிக் கணக்கைத் தம்பியிடம் காட்டினேன். இப்போது மறுப்பு சற்றுத் தளர்ந்திருக்கிறது; ஆனால் ஆய்வகத்தில் போய்ப் படுக்க மாட்டானாம். கையில் கட்டும் கடிகாரமே ஆக்சிஜனைக் காட்டுகிறது, அது போதாதா என்கிறான். வீட்டிலேயே செய்யும் பரிசோதனை என்று ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அது நம்பத்தக்கதா?

12. அருள்மொழி (தூக்க ஆய்வகத் தொழில்நுட்பர்)

கடிகாரம் ஒரு துப்பு கொடுக்கலாம். அதில் எல்லாம் சரியாகக் காட்டுகிறது என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மெலிந்த இளைஞர்களுக்குத் தடை நேர்ந்தாலும் ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதற்கு முன்பே மூளை விழித்துக்கொள்வது உண்டு. அவர்களின் தூக்கம் துண்டு துண்டாகும், ஆக்சிஜன் கோடோ அவ்வளவாகச் சரியாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்துச் செய்யும் வீட்டுப் பரிசோதனை, நடுத்தரமோ கடுமையோ ஆன அடைப்பு வகை இருக்கலாம் என்று ஐயப்படும், வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஏற்றது. உங்கள் தம்பிக்கு அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஒரு குறை உண்டு: பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலையைப் பதிவதில்லை. எனவே அவர் விழித்துக்கிடந்த நேரமும் தூங்கிய நேரமாகவே கணக்கில் சேரும். எண் உள்ளதைவிடக் குறைவாக வரும். ஆகவே வீட்டில் செய்தது "இல்லை" என்று காட்டி, அறிகுறிகள் தொடர்ந்தால், ஆய்வகத்துக்கு வந்தே ஆக வேண்டும். தமிழ்வேந்தன் அவர்களின் மகனுக்கும், இதயம் பலவீனமான முதியவர்களுக்கும் வீட்டுப் பரிசோதனை பொருந்தாது.

அதுவரை அவர் நெடுந்தொலைவு தனியாக வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. கண் செருகும் நிலையில் இருப்பவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

13. தமிழ்வேந்தன்

செவ்வேள் ஐயா, நேற்று இரவு நீங்கள் சொன்னபடி பார்த்தேன். கழுத்தை வளைத்துத்தான் படுத்திருக்கிறான். விலாவிலும் தோல் இழுபடுகிறது. படம் பிடித்துவிட்டேன். பரிசோதனைக்கு நாள் கேட்டிருக்கிறேன். கயல்விழி அவர்களின் தம்பியைப் போன்ற பெரியவர்களுக்கும் டான்சிலை எடுத்தால் சரியாகிவிடுமா?

14. செவ்வேள் (காது மூக்கு தொண்டை மருத்துவர்)

நல்லது, அந்தப் படத்தைப் பரிசோதனைக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களில் டான்சில் மிகவும் பெரிதாக உள்ள சிலருக்கு அது பலன் தரும். பெரும்பாலோருக்கு அடைப்பு ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. முதல் சிகிச்சை சிபாப்தான். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்ட முறை அது, மூக்கு வழியே இடைவிடாது செலுத்தும் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைப்பது. மெலிந்தவருக்குத் தாடை பின்தங்கியிருந்து, நோய் இலேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் பல் சாதனம் நன்றாக உதவும். அதைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தர வேண்டும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருபவர்களுக்குப் பக்கவாட்டில் படுக்கும் பயிற்சியே பெரும் பகுதியைக் குறைத்துவிடும். எடை கூடியவர்களுக்கு எடைக் குறைப்பு எல்லாவற்றோடும் சேர்ந்தே வர வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏ.எச்.ஐ. ஏறத்தாழ கால் பங்கு குறைவதை 2000-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எந்த வயதினரானாலும் இதை மறக்க வேண்டாம்: பல்லுக்கோ எலும்புக்கோ வேறு எதற்கோ மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்யப் போகிறார்கள் என்றால், தூக்கத்தில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொல்கிறார்கள் என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிசோதனை செய்து முடிவு வராமல் இருந்தாலும் சொல்லுங்கள். வலி நிவாரணி மருந்தின் அளவையும், அன்றிரவு எங்கே வைத்துக் கண்காணிப்பது என்பதையும் அவர் அதற்கேற்பத் தீர்மானிப்பார்.